வீல்சேர் தட்டாமல் ஓடும் தரைத்தள வீடு: மட்டம் எடுப்பதிலிருந்து கடைசி டைல்ஸ் வரை

வீடு கட்டும்போது நடக்கும் தப்புகளில் அப்புறம் சரிசெய்யக்கூடியவை உண்டு, சரிசெய்யவே முடியாதவையும் உண்டு. சுவிட்ச் போர்டு கைக்கு எட்டாத உயரத்தில் போய்விட்டால் ஒரு நாள் கூலியில் இறக்கிவிடலாம். பாத்ரூம் தரை ஹால் தரையைவிட முக்கால் இன்ச் மேலே வந்துவிட்டால் டைல்ஸ், பைப், கான்கிரீட் மூன்றையும் உடைக்க வேண்டும். யாரும் உடைப்பதில்லை. வாசலில் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டுகிறார்கள்.

திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் சின்ன வீடுகள் கட்டிக்கொடுப்பது என் வேலை. வீல்சேரில் இருப்பவர் உள்ள குடும்பங்களுக்கு இதுவரை ஒன்பது வீடு முடித்திருக்கிறேன். முதல் இரண்டில் நானும் பலகை போட்டவன்தான். கீழே உள்ள வரிசை, எதைப் பிறகு திருத்தவே முடியாதோ அதை முதலில் முடிவு செய்யும் வரிசை. மாற்றிப் போட்டால் பணம் போகும்.

## 1. ஆளையும் வண்டியையும் அளந்து எழுதுங்கள்

பிளான் போட உட்காரும் முன்பே எந்த வீல்சேர் என்பது முடிவாகியிருக்க வேண்டும். கடையில் வாங்கும் மடக்கு வீல்சேர் 25, 26 இன்ச் அகலம் இருக்கும். பேட்டரி வண்டி நீளமும் கனமும் கூடுதல், திரும்ப அதிக இடம் கேட்கும். சென்னை ஐஐடியில் உருவான நியோபிளை போல ஆளுக்கு அளவெடுத்துச் செய்யும் வண்டி கச்சிதமாக இருக்கும். ‘இப்போதைக்கு இது, அப்புறம் பேட்டரி வண்டி வாங்குவோம்’ என்றால் பேட்டரி வண்டியின் அளவை வைத்தே வீட்டைப் போடுங்கள்.

அளக்க வேண்டியவை:

- தரையிலிருந்து உட்காரும் உயரம். குஷன் போட்டு, ஆள் உட்கார்ந்து, குஷன் அமுங்கிய பிறகு.
- தரையிலிருந்து தொடையின் மேல்பக்கம், முட்டியின் மேல்பக்கம். எது கூடுதலோ அது.
- முதுகுப்புறச் சக்கரத்திலிருந்து கால் கட்டைவிரல் நுனிவரை நீளம்.
- கையால் சக்கரத்தைத் தள்ளும்போது இரு பக்கமும் முழங்கை போய்வரும் அகலம்.
- உட்கார்ந்தபடி கை எட்டும் உயரம், தாழ்வு, மேசை மேல் குறுக்கே எட்டும் தூரம்.

நான்காவதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். வண்டி நுழைந்துவிடும், விரல் முட்டி கதவு நிலையில் உரசித் தோல் போகும். உணர்வு குறைந்த கை என்றால் ரத்தம் வந்த பிறகுதான் தெரியும்.

மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம் 2021இல் அனைவருக்குமான அணுகல் வசதி பற்றி ஒரு நெறிமுறை வெளியிட்டது. அதில் எல்லா அளவும் இருக்கிறது: சரிவு 12க்கு 1 (ஓர் இன்ச் ஏற 12 இன்ச் நீளம்), கதவுத் திறப்பு 900 மில்லிமீட்டர், வண்டி திரும்ப 1500 மில்லிமீட்டர். தொடங்குவதற்கு நல்ல அளவுகள். ஆனால் யார் வருவார் என்று தெரியாத பொதுக் கட்டடத்தை மனதில் வைத்து எழுதியது அது. வீட்டில் யார் என்று தெரியும். எனவே புத்தக அளவும் ஆளின் அளவும் மோதினால் ஆளின் அளவுதான் ஜெயிக்க வேண்டும். மறுவாழ்வு சிகிச்சையில் இருக்கும் செயல்முறை சிகிச்சையாளரிடம் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள். இன்னும் இரண்டு வருடத்தில் இவர் தானே கட்டிலுக்கு மாறுவாரா, இல்லை ஒருவர் தூக்க வேண்டியிருக்குமா என்பதை அவர்தான் சொல்ல முடியும். அந்த ஒரு பதிலில் படுக்கையறையும் பாத்ரூமும் மொத்தமாக மாறும்.

## 2. சாக்பீஸால் வரைந்து ஓட்டிப் பாருங்கள்

காகிதத்தில் 10க்கு 12 அறை பெரிதாகத் தெரியும். கட்டில், பீரோ போட்ட பிறகு மிச்சம் இருப்பதுதான் வண்டிக்கு. அதைக் காகிதம் காட்டாது.

கோவில் மண்டபம், பள்ளிக்கூட மைதானம், வாகனம் வராத தெரு, எங்கே சமதரை கிடைக்கிறதோ அங்கே படுக்கையறை, பாத்ரூம், நடை இந்த மூன்றை மட்டும் முழு அளவில் சாக்பீஸால் வரையுங்கள். சுவர் இருக்கும் கோட்டில் செங்கல் அடுக்குங்கள். கோடு மட்டும் போட்டால் வண்டி கோட்டைத் தாண்டிப் போய்விடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். செங்கல் என்றால் இடித்து விழும். (மொட்டை மாடியில் அழகாக வரைந்துவிட்டு, அண்ணனை எப்படி மேலே கொண்டுபோவது என்று விழித்த ஒரு குடும்பம் உண்டு. அதனால்தான் இடத்தைச் சொல்கிறேன்.)

பிறகு வீல்சேரில் இருப்பவரே ஓட்டட்டும். கட்டிலிலிருந்து பாத்ரூம், உள்ளே திரும்பி வெளியே, ஹாலுக்கு. பின்னால் ஒருவர் தள்ளும்படியும் ஒரு முறை. தள்ளுபவருக்கும் இரண்டடி வேண்டும். எங்கே செங்கல் விழுகிறதோ அந்த இடத்தில் பிளானைத் திருத்துங்கள். அரை நாள் வேலை இது. ஒன்பது வீட்டில் ஒன்றில்கூட முதல் பிளான் அப்படியே நின்றதில்லை.

## 3. பேஸ்மட்டம்: எல்லாம் இங்கேதான் தீர்மானமாகிறது

நம் ஊரில் பேஸ்மட்டம் உயரமாக இருந்தால்தான் வீட்டுக்குக் கம்பீரம் என்று ஓர் எண்ணம். அதோடு, ரோடு போடும்போதெல்லாம் தெரு உயர்கிறது, 2015 சென்னை வெள்ளத்தைப் பார்த்த பயமும் இருக்கிறது. மேஸ்திரி கேட்காமலே மூன்றடி தூக்கிவிடுவார்.

கணக்கைப் பாருங்கள். ஓர் இன்ச் ஏற ஓர் அடி நீளம். மூன்றடி என்றால் 36 இன்ச், சரிவின் நீளம் மட்டும் 36 அடி. மேலே, கீழே, நடுவே வண்டி நிற்க ஐந்தடி சமதளம் மூன்று. மொத்தம் 51 அடி. ஒரு கிரவுண்டு மனையில் எங்கே போவீர்கள்? இதைப் பேஸ்மட்டம் கட்டி முடித்தபின் கண்டுபிடிப்பவர்கள் கடைசியில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் பத்தடியில் ஒரு சறுக்குமரம் கட்டிவைக்கிறார்கள்.

முதலில் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்: அதிகபட்சம் எவ்வளவு தண்ணீர் நின்றது, தெரு எத்தனை முறை உயர்ந்தது. மேட்டு நிலமாக இருந்தால் ரோட்டிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி போதும். தாழ்வான இடம் என்றால் உயரத்தைக் குறைக்காதீர்கள். வீல்சேரில் இருப்பவர் வெள்ளத்தில் மாட்டுவது ரேம்ப் இல்லாததைவிட மோசம். அங்கே மனையின் முன்பகுதி முழுவதையும் கிராவல் அடித்து உயர்த்தி நிலத்தையே சரிவாக்குவது நல்லது. அதற்கும் இடம் போதாவிட்டால் சின்ன பிளாட்பார லிப்ட். அதற்கு பேட்டரி பேக்கப்பும், கரண்ட் போனால் கையால் இறக்கும் வசதியும் கட்டாயம்.

### சிவப்புக் கோடு

அடுத்தது இதைவிட முக்கியம். வீடு முழுவதும், சிட்அவுட்டிலிருந்து பாத்ரூம் வாசல் வரை, முடிந்த தரை ஒரே மட்டம். ‘முடிந்த’ என்ற வார்த்தையில்தான் சூட்சுமம். சிட்அவுட்டுக்கு கிரானைட், முக்கால் இன்ச் கனம். ஹாலுக்கு விட்ரிபைடு, அரை இன்ச்சுக்கும் குறைவு. பாத்ரூம் டைல் அதைவிட மெலிது. அடியில் போடும் கலவையும் கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும். கான்கிரீட்டை எல்லா அறையிலும் ஒரே மட்டமாகப் போட்டால் மேலே வரும்போது கால் இன்ச், அரை இன்ச் என்று ஒவ்வொரு வாசலிலும் ஒரு மேடு வரும். நமக்கு அது மேடே இல்லை. வீல்சேரின் முன்சக்கரம் சின்னது. அரை இன்ச்சில் முட்டி நின்றால் ஆள் முன்னால் சாய்வார்.

அதற்கு நான் செய்வது: டைல்ஸ், கிரானைட் எது என்று அஸ்திவாரம் முடிவதற்குள் தேர்ந்தெடுத்து, கனத்தை எழுதி வாங்கிவிடுவேன். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) வைத்து, முடிந்த தரையிலிருந்து சரியாக மூன்றடி மேலே எல்லாத் தூண்களிலும் ஒரு சிவப்புக் கோடு. சுவர் எழும்பியதும் ஒவ்வொரு அறைக்குள்ளும் அதே கோடு. பூசும்போது மறைந்தால் திரும்பப் போட வேண்டும். யார் என்ன வேலை செய்தாலும் அந்தக் கோட்டிலிருந்துதான் கீழே அளக்க வேண்டும். ‘பக்கத்து ரூம் தரையைப் பார்த்து வச்சேன் சார்’ என்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

## 4. சரிவு

12க்கு 1 என்பது எல்லை. கையில் பலம் இருப்பவர் தானே ஏற முடியும் என்பதற்கான எல்லை. அறுபது வயது அம்மா பின்னால் தள்ளுகிறார் என்றால் 15க்கு 1, இடம் இருந்தால் 20க்கு 1 போங்கள்.

நேராக வாசலை நோக்கித்தான் வர வேண்டும் என்றில்லை. 40க்கு 60 மனை ஒன்றில் பேஸ்மட்டம் இரண்டடி. கேட்டை இடது மூலையில் வைத்து, வீட்டின் முகப்புக்கு இணையாகப் பாதையைப் படுக்கவைத்தோம். கேட்டுக்கு உள்ளே ஐந்தடி சமதளம், 24 அடி சரிவு, மேலே ஐந்தடி சமதளம், வாசல். 34 அடியில் முடிந்தது. இரு பக்கமும் மண் நிரப்பிச் செம்பருத்தி, நந்தியாவட்டை வைத்தார்கள். வருகிறவர்கள் தோட்டப்பாதை என்றே நினைக்கிறார்கள். எல்லோரும் அதிலேயே நடப்பதால் கடைசியில் படிக்கட்டே கட்டவில்லை.

அகலம் நாலடி. இரு ஓரமும் நாலு இன்ச் உயர விளிம்பு, சக்கரம் இறங்கிவிடாமல் இருக்க. கைப்பிடி இரு பக்கமும், இரண்டரை முதல் மூன்றடி உயரத்தில். மேற்பரப்பு சொரசொரப்பான சிமென்ட், வரி குறுக்காக. பளபள டைல்ஸ் வேண்டாம். பெரிய பள்ளம் வைத்த பார்க்கிங் டைல்ஸும் வேண்டாம், அந்த அதிர்வில் சிலருக்குக் கால் தானாக உதறும்.

செப்டிக் டேங்க் மூடியும் சேம்பர் மூடியும் இந்தப் பாதையில் வரக்கூடாது. பிளம்பர் எங்கே இடம் காலியோ அங்கே தோண்டுவார். பாதையை முதலிலேயே கயிறு கட்டிக் காட்டிவிடுங்கள்.

கார் நிறுத்துமிடம் 12 அடி அகலம். கார் கதவை முழுக்கத் திறந்து பக்கத்தில் வண்டியை நிறுத்தினால்தான் மாற முடியும். தரை அங்கே சமமாக இருக்க வேண்டும், சரிவில் மாற முடியாது.

## 5. தலைவாசல்: படி இல்லாமல், மழையும் வராமல்

நிலை வைப்பது நம் வீடுகளில் பூஜை போட்டுச் செய்யும் காரியம். நிலையின் கீழ்க்கட்டைக்கு மஞ்சள், குங்குமம் வைக்க வேண்டும், அதைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும் என்பார்கள். வீல்சேர் தாண்டாது. இதை ஆசாரியிடம் ஆர்டர் கொடுக்கும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் பேசித் தீர்த்துவிடுங்கள். நிலை வைக்கும் நாளில் பேசினால் சண்டைதான். நாங்கள் செய்வது, கீழ்க்கட்டையைத் தரைக்குள் புதைத்து, மேல்பக்கம் மட்டும் தரையோடு ஒட்டித் தெரியும்படி விடுவது. மஞ்சள் பூச இடம் இருக்கும், சக்கரமும் ஓடும். மரம் அழுகாமல் இருக்க அந்த இடத்தில் மட்டும் கருங்கல் வைக்கலாம்.

படி இல்லாத வாசலில் மழைத் தண்ணீர் உள்ளே வரும் என்பது நியாயமான பயம். மூன்று தடுப்பு போடுங்கள். வாசலுக்கு மேலே குறைந்தது ஐந்தடி கூரை. சமதளத்தில் வெளிப்பக்கம் லேசான வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, அறுபதுக்கு ஒன்று. கதவுக்கு முன்னால் குறுக்கே ஒரு வாய்க்கால், மேலே கம்பித் தட்டு. தட்டின் சந்து அரை இன்ச்சுக்குள், வண்டி போகும் திசைக்குக் குறுக்காக. நீளவாக்கில் போட்டால் முன்சக்கரம் உள்ளே மாட்டும்.

## 6. அறைகளை அடுக்குவது

படுக்கையறையும் பாத்ரூமும் ஒட்டி இருக்க வேண்டும், இடையில் ஹாலைக் கடக்கக்கூடாது. பாத்ரூம் எந்த மூலை என்பதில் வாஸ்து பார்ப்பவரோடு இழுபறி வரும். அப்போது படுக்கையறையை பாத்ரூம் பக்கம் நகர்த்திவிடுவேன், இரண்டையும் பிரிக்க மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நடையைக் குறையுங்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் நாலடி. மூன்றரை அடி நடையிலிருந்து மூன்றடி வாசலுக்குள் செங்குத்தாகத் திரும்பிப் பாருங்கள், சாக்பீஸிலேயே தெரிந்துவிடும். கட்டிலுக்கு மாறும் பக்கம் மூன்றடியாவது காலி, அறையில் ஓரிடத்தில் ஐந்தடி வட்டம். கட்டில் உயரம் உட்காரும் உயரத்துக்குச் சமம்.

படுக்கையறையிலிருந்து நேரே வெளியே போக இன்னொரு கதவு வையுங்கள். சமையலறையில் கேஸ் பிரச்சினை என்றால் தலைவாசல் பக்கம் போக முடியாமல் போகலாம். பின்னாளில் ஸ்ட்ரெச்சர் வரவும் அதுதான் வழி.

இன்னொன்று, என் சொந்த ஆசை. சிட்அவுட்டில் ஒரு திண்ணை கட்டுங்கள், உட்காரும் உயரத்தில். வீல்சேரிலிருந்து அதற்கு நகர்ந்து உட்காரலாம். வருகிறவர்களும் நின்றுகொண்டு குனிந்து பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்கள்.

## 7. நிலை, கதவு, தாழ்ப்பாள்

‘மூன்றடிக் கதவு போட்டிருக்கோம்’ என்று சொல்லும் வீட்டில் டேப் வைத்து அளந்தால் 29 இன்ச் வரும். ஆசாரி கணக்கில் மூன்றடி என்பது நிலையின் வெளி அளவு. இரு பக்கமும் மூன்று இன்ச் கட்டை போனால் 30. கதவு திறந்து நிற்கும்போது அதன் கனம் ஓர் இன்ச். ஆகவே ‘வெளி அளவு மூன்றரை அடி, உள்ளே சுத்தமாக மூன்றடி’ என்று எழுதிக்கொடுங்கள். வாயால் சொன்னால் பழக்கத்தில் மூன்றடியே வரும். பாத்ரூமுக்குக் கேட்காமலே இரண்டரை அடி நிலை இறங்கும். அதை லாரியிலிருந்து இறக்கும்போதே பிடித்துவிடுங்கள்.

உள் அறை நிலைகளுக்குக் கீழ்க்கட்டையே வேண்டாம்.

கதவை மூலையில் ஒட்டி வைப்பது இன்னொரு பழக்கம். கதவை நம் பக்கம் இழுத்துத் திறக்கும்போது வண்டி கைப்பிடிக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். அதற்குக் கைப்பிடிப் பக்கச் சுவரில் ஒன்றரை அடியாவது காலி வேண்டும்.

பாத்ரூம் கதவு வெளியே திறக்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் நகரும் தள்ளுகதவு. உள்ளே விழுந்தவர் உள்பக்கம் திறக்கும் கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார், காப்பாற்றப் போகிறவர் திறக்க முடியாது. தள்ளுகதவு என்றால் மேலே தொங்குவது, கீழே தடம் இல்லாதது. தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கும்படி இருக்கட்டும். உருண்டைக் குமிழ் வேண்டாம், கீழே அழுத்தும் நீளக் கைப்பிடி மூன்றடி உயரத்தில். ஜன்னல் கொக்கி, மேல் தாழ்ப்பாள் எல்லாம் எட்டும் உயரத்துக்கு இறங்க வேண்டும்.

## 8. பாத்ரூம்

நேரம், பணம், கவனம் மூன்றையும் இங்கே கொட்டுங்கள். மற்ற இடத்தில் தப்பு நடந்தால் சிரமம், இங்கே நடந்தால் எலும்பு முறிவு.

அளவு: ஆறரைக்கு ஏழேகால் அடி குறைந்தபட்சம். குளிக்கவும் அதற்குள்ளேயே என்றால் 8க்கு 8 நன்றாக இருக்கும். இந்த பாத்ரூமையே வீட்டிலுள்ள ஐந்து பேரும் பயன்படுத்தினால் ஒரு மாதத்தில் வாளி, அண்டா, வாஷிங் மெஷின், துவைக்காத துணி எல்லாம் வந்து வண்டி திரும்பும் இடத்தைப் பிடித்துவிடும். மற்றவர்களுக்குச் சின்னதாக இன்னொன்று கட்டுங்கள்.

தரை. வழக்கமாக பாத்ரூமை இரண்டு இன்ச் இறக்கி, வாசலில் ஒரு கிரானைட் பட்டை வைத்துத் தண்ணீரைத் தடுப்பார்கள். நமக்கு இரண்டும் ஆகாது. வாசலில் ஹால் மட்டம், அங்கிருந்து எதிர்ச்சுவர் நோக்கி வாட்டம். எண்பதுக்கு ஒன்று என்றால் எட்டடிக்கு ஓர் இன்ச்சும் கொஞ்சமும் இறங்கும். இதோடு டிராப், பைப், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு எல்லாம் உள்ளே அடங்க வேண்டும். எனவே கான்கிரீட் போடும்போதே ஹாலைவிட நாலு முதல் ஆறு இன்ச் தாழ்த்திப் போட வேண்டும். மறந்தால் பிறகு வழியில்லை.

வாட்டம் ஒரே திசையில் இருக்கட்டும். நடுவில் தண்ணீர் போகும் ஜல்லடை வைத்து நாலு பக்கமும் இறக்கினால் வண்டியின் நாலு சக்கரமும் நாலு மட்டத்தில் நிற்கும், ஆடும். குளிக்கும் பக்கச் சுவரை ஒட்டி நீளமான ஜல்லடை ஒன்று. வாசலில் தரையோடு ஒட்டி இன்னொரு ஜல்லடை, தப்பி வரும் தண்ணீருக்கு. டைல்ஸ் ஈரத்தில் வழுக்காத ரகம், ஆர் 11 என்று கேட்டு வாங்குங்கள்.

கழிப்பறைக் கோப்பை. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. முதலில் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: வீல்சேரிலிருந்து கோப்பைக்கு நகர்ந்து உட்காரப் போகிறாரா, அல்லது நடுவில் ஓட்டை உள்ள சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அதையே கோப்பைக்கு மேலே தள்ளி நிறுத்தப் போகிறாரா? நகர்ந்து உட்காருபவருக்குக் கோப்பையின் உயரம் உட்காரும் உயரத்துக்கு இணையாக, 18, 19 இன்ச் இருக்க வேண்டும். நாற்காலியை மேலே தள்ளுபவருக்கு உயரக் கோப்பை இடிக்கும், சாதாரண உயரமே வேண்டும். பின்னால் துருத்தும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கக்கூடாது, நாற்காலி பின்னால் போகாது. இதைக் கேட்காமல் ‘ஊனமுற்றோருக்கான செட்’ என்று கடையில் கொடுப்பதை வாங்கி மாட்டியபின், நாற்காலி இரண்டு இன்ச் இடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

கோப்பையின் நடு, பக்கச் சுவரிலிருந்து ஒன்றரை அடி. மறுபக்கம் மூன்றடி காலி, வண்டி பக்கத்தில் நிற்க. பைப் குழாய் கை எட்டும் பக்கம், முதுகுக்குப் பின்னால் இல்லை.

பிடிகம்பி. பக்கச் சுவரில் இருக்கையிலிருந்து எட்டு இன்ச் உயரத்தில் ஒன்று. மறுபக்கம் மடித்துத் தூக்கும் கம்பி. கனம் ஒன்றேகால், ஒன்றரை இன்ச். சுவருக்கும் கம்பிக்கும் இடையே ஒன்றரை, இரண்டு இன்ச். அதைவிட அதிகமானால் வழுக்கும்போது முழங்கை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். ஏஏசி பிளாக் (காற்றுத் துளைகள் உள்ள இலேசான கான்கிரீட் கல்) சுவரில் சாதாரண ஆங்கர் ஆளின் எடையைத் தாங்காது. கம்பி வரும் இடங்களில் செங்கல்லோ கான்கிரீட்டோ வைத்துக் கட்டச் சொல்லி, பூசுமுன் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டவல் ராடும் ஒரு நாள் பிடிகம்பி ஆகும். அதையும் அதே பலத்தில் மாட்டுங்கள்.

வெந்நீர். தண்டுவடக் காயம் உள்ளவர்கள் பலருக்குக் காலில் சூடு தெரியாது. கீசரின் சூட்டைக் குறைத்து வையுங்கள், சூட்டைக் கட்டுப்படுத்தும் மிக்சர் கிடைத்தால் அதுவே மேல். வாஷ் பேசினுக்கு அடியில் வெந்நீர் பைப் முட்டியில் படாதபடி சுவரோடு ஒதுக்கி உறை போடுங்கள். பேசினுக்குக் கீழே தூண் வேண்டாம். கண்ணாடியின் கீழ்விளிம்பு மூன்றடியில் தொடங்கட்டும்.

## 9. சமையலறை

யார் சமைக்கிறார் என்பதைப் பொறுத்தது. நின்று சமைப்பவரும் உட்கார்ந்து சமைப்பவரும் ஒரே வீட்டில் இருந்தால் இரண்டு உயரம் வேண்டும். வழக்கமான மேடை 33 இன்ச். உட்காருபவருக்கு 30, 31. கீழே முட்டிக்கு 27 இன்ச் காலி. இரண்டு இன்ச் கடப்பா, அதன்மேல் முக்கால் இன்ச் கிரானைட் என்று போட்டால் அந்தக் காலியிடம் மட்டுமட்டாகிவிடும். இரும்பு ஆங்கிள் மேல் ஒற்றை கிரானைட் போதும்.

அடுப்பும் சிங்க்கும் ஒரே மேடையில், இடையில் தடை இல்லாமல் இருக்க வேண்டும். கொதிக்கும் குழம்பைத் தூக்காமல் மேடை மேலேயே நகர்த்த வேண்டும், மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது. சிங்க் ஆறு இன்ச் ஆழம், கழிவுக் குழாய் பின்பக்கம். அடுப்பின் திருகு முன்பக்கம் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

மேல் பரண், அலமாரி எல்லாம் மற்றவர்களுக்கு. தினமும் எடுக்கும் சாமான் இரண்டடிக்கும் நாலடிக்கும் இடையில்.

## 10. கரண்ட், தரை, ஜன்னல்

சுவிட்ச் மூன்று முதல் மூன்றரை அடியில், பிளக் ஒன்றரை முதல் இரண்டடியில். எதுவும் அறை மூலையிலிருந்து ஒன்றரை அடிக்குள் வரக்கூடாது. வண்டியின் கால் மிதி சுவரில் முட்டியதும் கை மூலைக்கு எட்டாது. கட்டிலருகே விளக்கு, விசிறி, அழைப்பு மணி. பாத்ரூமில் தரையிலிருந்து ஓர் அடிக்குள் தொங்கும் கயிற்றோடு இன்னொரு மணி, விழுந்து கிடப்பவர் இழுக்க. பேட்டரி வண்டி சார்ஜ் செய்ய இன்வெர்ட்டர் இணைப்புள்ள ஒரு பிளக். மோட்டார் சுவிட்சும் டேங்க் அளவு காட்டும் விளக்கும் ஹாலுக்குள். மொட்டை மாடிக்குப் போய்த் திருப்ப வேண்டிய வால்வு எதுவும் இருக்கக்கூடாது.

ஹால் தரை மேட் பினிஷ். ஜன்னலின் அடிச்சுவர் இரண்டரை அடிக்கு மேல் வேண்டாம், உட்கார்ந்திருப்பவருக்குத் தெரு தெரிய வேண்டும்.

## 11. கடைசி பில் கொடுக்கும் முன்

கொத்தனாரும் பிளம்பரும் இருக்கும்போதே செய்ய வேண்டியவை.

பாத்ரூம் டைல்ஸ் ஒட்டிய அன்று, இடுக்கில் பவுடர் பூசுமுன், ஒரு கோலிக்குண்டை வாசலில் வையுங்கள். அது ஜல்லடைப் பக்கம் மெதுவாக உருள வேண்டும். நடுவில் நின்றால் அங்கே தண்ணீர் தேங்கும், ஹால் பக்கம் திரும்பினால் டைல்ஸைப் பெயர்த்து மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். வேகமாக ஓடினால் வாட்டம் அதிகம், வண்டியும் அப்படித்தான் ஓடும். பிறகு நாலு வாளித் தண்ணீரை ஊற்றி வாசலில் ஒரு துளி வருகிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு வாசலிலும் ரசமட்டத்தைக் குறுக்கே வையுங்கள். அதற்கடியில் ஒரு ஏடிஎம் கார்டு நுழையும் இடைவெளி வந்தால் பரவாயில்லை. நாலு கார்டு அடுக்கி நுழைத்தால் திருத்தச் சொல்லுங்கள்.

பிடிகம்பி ஒவ்வொன்றிலும் வீட்டிலேயே கனமான ஆள் முழு எடையும் போட்டுத் தொங்க வேண்டும். மேஸ்திரியையே தொங்கச் சொன்னால் ஸ்குரூ சரியாகப் போட்டாரா என்பது அவர் முகத்திலேயே தெரியும்.

எல்லாம் முடிந்த பிறகு வீல்சேரில் இருப்பவரை கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு, எல்லோரும் ஒதுங்கி நில்லுங்கள். கேட் திறந்து, சரிவேறி, கதவைத் திறந்து, பாத்ரூம் போய், கை கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அவர் திரும்பி வர வேண்டும். வழியில் யாராவது ‘இருங்க, நான் பிடிக்கிறேன்’ என்று ஓடினால் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குறிகள் தீரும்வரை பத்து சதவீதப் பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.